கோல்நிறைக் கூலி: காஞ்சிக்குப் புதுசாக வந்தவர் நம்பியது எதை?

புது ஊரில் குடியேறுகிறவர் முதல் வாரம் என்ன செய்வார்? கோயில், கோட்டை எல்லாம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் அரிசி எங்கே கிடைக்கும், எண்ணெய் எங்கே, நல்ல தண்ணீர் எங்கே என்று தெருத்தெருவாக நடந்துதான் ஊரைத் தெரிந்துகொள்வார். மொழி தெரியாத ஊரென்றால் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்ளும். இந்தக் கடைக்காரர் சரியாக அளந்து போடுகிறாரா?

காஞ்சிபுரத்துக்கு இரண்டாயிரம் வருஷமாக வெளியாட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சிலர் பார்த்ததை எழுதியும் வைத்திருக்கிறார்கள். அதிலெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்த குறிப்புகள் இவை.

முதலில் பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் போய்ப் பரிசு வாங்கலாம் என்று ஒரு பாணர் இன்னொரு பாணருக்கு வழி சொல்கிறார். இலக்கியம் என்பதை ஒரு நிமிஷம் மறந்துவிட்டுப் படித்தால், நடந்து போகிறவருக்கான கையேடு மாதிரியே இருக்கும். எயினர் குடியிருப்பில் புல்லரிசிச் சோறு, ஆயர் சேரியில் பாலும் தினைச்சோறும், உழவர் வீட்டில் வெள்ளைச் சோறும் கோழியும், அந்தணர் வீட்டில் மாவடு ஊறுகாய் என்று எங்கே என்ன சாப்பிடக் கிடைக்கும் என்பதுகூட வரிசையாக இருக்கிறது. மிளகுப் பொதி ஏற்றிய கழுதைகள் போகும் சாலை, அங்கே சுங்கம் வாங்குகிறவர்கள், காவலுக்கு நிற்கும் வில்வீரர்கள் எல்லாம் வருகிறார்கள். ஆனால் பாணர் விருந்தாளி. வாங்கிச் சாப்பிடப் போகிறவர் இல்லை. அளவு சரியா என்று அவர் ஏன் கேட்கப் போகிறார்?

அடுத்து யுவான் சுவாங். ஏழாம் நூற்றாண்டில், 640 வாக்கில் தென்னாட்டுக்கு வந்த சீனத் துறவி. தலைநகரின் சுற்றளவு 30 லீ, நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்கள், பத்தாயிரம் துறவிகள், எண்பது தேவர் கோயில்கள், நிறைய நிகண்டர்கள் என்று கணக்குச் சொல்கிறார். நிகண்டர் என்றால் சமணர். மண் வளமானது, மக்கள் நேர்மையானவர்கள், கல்வியை மதிப்பவர்கள் என்றும் சொல்கிறார். ஆனால் கடைத்தெரு அவர் குறிப்பில் இல்லை. மடத்தில் தங்கிச் சாப்பிடுகிறவருக்குக் கடையில் என்ன வேலை! நேர்மையான மக்கள் என்று எழுதியவர், அந்த நேர்மையை ஊர் எப்படிக் காப்பாற்றியது என்று எழுதவில்லை.

அதை எழுதி வைத்தது ஊரேதான்.

சென்னை அருங்காட்சியகத்தில் உத்தம சோழனின் செப்பேடு இருக்கிறது. அவனுடைய 16ஆம் ஆட்சியாண்டு, அதாவது பத்தாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. காஞ்சிக்கு அப்போது கச்சிப்பேடு என்று பெயர். காமாட்சியம்மன் கோயிலிலிருந்து நாலு எட்டில் இருக்கிறதே உலகளந்த பெருமாள் கோயில், அதுதான் செப்பேட்டில் வரும் ஊரகம். அந்தக் கோயிலுக்கு வர வேண்டிய வருமானங்களைப் பற்றித்தான் செப்பேடு பேசுகிறது. அதில் இரண்டு வருமானங்கள் நம்முடைய கேள்விக்கு நேரடியாகத் தொடர்புள்ளவை. ஒன்று கோல்நிறைக் கூலி, இன்னொன்று கால் அளவுக் கூலி.

கோல் என்பது துலாக்கோல். கால் என்பது மரக்கால். ஊர்ச் சந்தையில் ஒரு பொருளை நிறுத்தாலும் சரி, தானியத்தை அளந்தாலும் சரி, அதற்கு ஒரு கட்டணம் உண்டு. அது கோயிலுக்குப் போய் விளக்காகவும் திருவமுதாகவும் மாறும். உலகத்தையே மூன்றடியால் அளந்த சாமிக்கு அளவுக் கூலியைக் கொடுத்தது பொருத்தம்தான்!

ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இந்தக் கோயில் காரியத்தை யாரிடம் ஒப்படைத்தார்கள் என்பது. கஞ்சகப்பாடி, அதிமானப்பாடி, கம்புழான்பாடி, ஏற்றுவழிச்சேரி என்று நான்கு குடியிருப்புகள். அங்கே இருந்தவர்கள் பட்டசாலியர், அதாவது நெசவாளர்கள். கோயில் பொன் இந்தக் குடியிருப்புகளிடம் முதலாக வைக்கப்பட்டது. அதன் வட்டியில் கோயில் செலவு நடந்தது. நிர்வாகமும் கணக்கும் இவர்கள் பொறுப்பு. அந்தக் கணக்கைச் சரிபார்க்க ஊர் அளவில் மாநகரத்தார் என்ற வணிகர் அவை இருந்தது.

இதை அப்படியே தெருவில் இறக்கிப் பாருங்கள். வேற்று நாட்டிலிருந்து ஒருவர் கச்சிப்பேட்டுக்கு வந்து, அறிமுகம் இல்லாத கடையில் நெல் வாங்குகிறார். அவர் கடைக்காரரின் முகத்தை நம்பத் தேவையில்லை. அளப்பது பொதுக் காரியம். அதில் கோயிலுக்குப் பங்கு இருக்கிறது, அந்தப் பங்கின் கணக்கைப் பார்க்க நாலு தெருக்காரர்கள் இருக்கிறார்கள். யுவான் சுவாங் பார்த்த நேர்மைக்குப் பின்னால் இதுபோன்ற ஏற்பாடு ஏதாவது அப்போதே இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். அவர் வந்து போனதற்கும் செப்பேட்டுக்கும் நடுவில் முந்நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னும் எண்ணூறு வருஷம் கழித்து வந்தவர் பிரான்சிஸ் புக்கானன். 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு மைசூர் நாட்டை ஆராய்ந்துவரச் சொல்லி வெல்லெஸ்லி அனுப்பிய மருத்துவர். 1800இல் சென்னையிலிருந்து கிளம்பிக் காஞ்சி வழியாகப் போனார். அவர் கண்ணில் பட்டது தெரு. அகலமான, ஒன்றையொன்று நேராக வெட்டிப் போகும் தெருக்கள், இரண்டு பக்கமும் தென்னை, ஒரே மாடி உயர மண்சுவர் வீடுகள், ஓட்டுக் கூரை, நடுவில் முற்றம்.

தெரு ஏன் அகலம் என்று நெசவாளரைக் கேட்டால் சொல்லிவிடுவார். பாவைத் தெருவில்தான் நீட்ட வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்னால், தெருநீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழையை முடிய வேண்டும். நாலு பேர் கை இல்லாமல் ஆகாது. தெருவே தறிக்கூடத்தின் ஒரு பகுதி. இன்றைக்கும் பிள்ளையார்பாளையம் பக்கம் காலையில் நடந்தால் இதைப் பார்க்கலாம்.

அங்கிருந்து காந்தி ரோட்டுக்கு வாங்க. வரிசையாகப் பட்டுக்கடைகள், நடுநடுவே கூட்டுறவுச் சங்கக் கடைகள். கல்யாணப் புடவைக்காக வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து இறங்குகிறவர்கள் இங்கே கேட்பதும் அதே பழைய கேள்விதான். இது கைத்தறியா, விசைத்தறியா? ஜரிகை நிஜமா? பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்து. காஞ்சியில் விளைவது இரண்டுமில்லை. காஞ்சியுடையது கைவேலையும் பெயரும் மட்டும்தான். அதனால் அந்தப் பெயரைக் காப்பது ஊருக்கே வாழ்வுப் பிரச்சினை.

அதற்கும் ஏற்பாடுகள் உண்டு. ஜரிகைக்காக 1971இல் தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்தை அரசு இங்கேயே தொடங்கியது. சில புடவை வகைகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கி 1985இல் சட்டம் வந்தது. 2005இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஜரிகையில் தங்கம் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று இப்போது இயந்திரத்தில் வைத்தே சொல்லிவிடுகிறார்கள். துலாக்கோலின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு இருந்தும் விசைத்தறிப் புடவை காஞ்சிப்பட்டு என்ற பெயரில் விற்கிறது.

செப்பேட்டையும் இன்றைய ஏற்பாட்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு வித்தியாசம் துருத்திக்கொண்டு நிற்கிறது. அன்றைக்குக் கூலி என்ற சொல் அளவுக்கு வாங்கிய கட்டணத்தைக் குறித்தது. அதன் கணக்கு நெசவாளர் கையில் இருந்தது. இன்றைக்குக் கூலி என்றால், முதலாளி கொடுத்த பாவை வீட்டில் நெய்துகொடுத்து நெசவாளர் வாங்கும் பணம். சோதனை, முத்திரை, சான்றிதழ் எல்லாம் அலுவலகத்தில் நடக்கிறது. எது கைத்தறி என்று தொட்டுப் பார்த்தே சொல்லக்கூடிய பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரருக்குக் கடைத்தெருவில் எது என்ன பெயரில் விற்கிறது என்று கேட்க ஓர் இடம் இல்லை. சங்கங்களில் அவர் உறுப்பினர்தான். ஆனால் சங்கத்துக்கு வெளியே உள்ள கடைகளை எந்தச் சங்கம் கேட்கும்?

போலியைத் தடுக்க என்ன செய்யலாம் என்று பேசும்போது புதுப்புது இயந்திரங்களைப் பற்றியே பேசுகிறோம். வாங்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு நாலு பாடிக்காரர்களையும் உட்கார வைக்கலாம் என்று அந்தச் செப்பேடு சொல்வதாகத்தான் நான் படிக்கிறேன்.

காஞ்சிக்குப் போகிறவர்கள் காமாட்சியம்மனைப் பார்த்த கையோடு உலகளந்த பெருமாள் கோயிலுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். ஊரகம், நீரகம், காரகம், கார்வானம் என்று நான்கு திவ்யதேசங்கள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இந்த ஊர்ச் சந்தையின் அளவுக் கூலியில் ஒரு காலத்தில் விளக்கெரிந்த இடம் அது.