பாமினிக் காலத்துத் தமிழ்

ஆங்கில விசைப்பலகையில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்துக்களையும், அவற்றின் பின்னே ஓர் அரைப்புள்ளியையும் அடித்தால் என்ன வரும்? இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைக் காரியாலயங்களில் கணனி புகுந்த காலத்தில் பணியாற்றிய எவரும் தயங்காமல் விடை சொல்வர்: ‘தமிழ்’ என்று வரும். பாமினி என்னும் எழுத்துரு அந்தக் கணனியில் இருக்கும்வரை அது தமிழ். எழுத்துரு இல்லாத கணனியில் அதே கோப்பைத் திறந்தால் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே மிஞ்சும்.

கணனியைப் பொறுத்தவரை அங்கே தமிழ் என்று ஒன்று இருக்கவேயில்லை. ஆங்கில எழுத்துக்களுக்குத் தமிழ் வேடம் போட்டு மேடையேற்றினோம், அவ்வளவுதான். அச்சுக்கு அது போதுமானதாக இருந்தது. தாளில் ஏறிய பின்னர் வேடத்துக்குள் யார் இருக்கிறார் என்று வாசகர் கேட்கப் போவதில்லை.

சிக்கல் இணையத்துடன் வந்தது. 1990களின் பிற்பகுதியில் தமிழ் இணையத்தளங்கள் தோன்றியபோது ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டது. முகப்பிலேயே ‘எழுத்துருவைத் தரவிறக்கிக் கொள்ளுங்கள்’ என்ற வேண்டுகோள் நிற்கும். ஐந்து தளங்களை வாசிப்பவர் ஐந்து எழுத்துருக்களை நிறுவ வேண்டும். ரொறன்ரோவிலோ பாரிஸிலோ பொது நூலகக் கணனியில் ஊர்ச் செய்தி பார்க்க வந்தவருக்கு எதையும் நிறுவும் அனுமதி இல்லை. அவர் ஆங்கிலக் குறிகளைப் பார்த்துவிட்டு எழுந்து போவார். ஊரில் என்ன நடந்தது என்று அறியத் துடித்த மக்களுக்கு, செய்தி எட்டியும் எழுத்து எட்டாத நிலை.

அறிஞர்கள் சும்மா இருக்கவில்லை. 1997 இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ‘டாம்’, ‘டாப்’ என இரு குறியீட்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. அதற்குச் சமாந்தரமாக, பல நாடுகளில் வாழ்ந்த தன்னார்வலர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து ‘திஸ்கி’ என்ற குறியீட்டை உருவாக்கினர். 2000 இல் உத்தமம் அமைப்புத் தோன்றியது. ஆனால் 1991 இல் வெளியான யுனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன என்பதைச் சாதாரண பாவனையாளர் எவரும் அப்போது அறிந்திருக்கவில்லை.

யுனிகோட் மீது எழுந்த ஆட்சேபங்கள் வெறும் பிடிவாதம் அல்ல. உயிர்மெய் ஒவ்வொன்றையும் ஓர் எழுத்தாகக் கொள்வது நம் மரபு. யுனிகோட்டிலோ ‘கோ’ என்பது ககரமும் அதன்பின் ஒரு குறியும். மெய்யெழுத்தான ‘க்’ கூட இரண்டு குறியீடுகள். இணையத்தில் வழங்கும் யூ.ரி.எவ்.-8 வடிவில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டுகளைப் பிடிக்கும். திஸ்கியில் ஒன்று போதும். தொலைபேசிக் கம்பி வழியே இணைந்து நிமிடக் கணக்கில் பணம் கட்டிய காலத்தில் இது பெரிய கணக்கு. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் கேட்டவர்களின் குரல் நெடுநாள் ஓயவில்லை. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யுனிகோட்டை ஏற்றபோதும், அது பயன்படாத இடங்களுக்கென ‘டேஸ்16’ என்ற மாற்று முறையையும் சேர்த்தே அறிவித்தது.

ஆயினும் வழக்கைத் தீர்த்தவை மாநாடுகள் அல்ல என்பது என் எண்ணம். தீர்த்தவர் பாவனையாளர், அவருடைய விரல்கள்.

பாமினி என்ற சொல்லுக்கு நம்மவரிடையே இரு பொருள் இருந்தது: எழுத்துருவும் பாமினி, விசைகளின் அமைப்பும் பாமினி. யுனிகோட்டுக்கு மாறுங்கள் என்றதும், இருபது ஆண்டு தட்டச்சுப் பழக்கத்தை மறக்கச் சொல்கிறார்கள் என்றே பலர் விளங்கிக்கொண்டனர். கணனிக்குள் எந்தக் குறியீடு சேமிக்கப்படுகிறது என்பது ஒன்று, விரல் எந்த விசையைத் தொடுகிறது என்பது வேறொன்று என்று அவர்களுக்கு எடுத்துச் சொன்னவர் குறைவு. முகுந்தராஜும் நண்பர்களும் இலவசமாக வழங்கிய எ-கலப்பை என்ற சிறு மென்பொருள் பேசாமலே அதைச் செய்துகாட்டியது. ரோமன் முறை வேண்டுவோருக்கு அஞ்சல், மற்றவர்களுக்குத் தமிழ்99 அல்லது பாமினி; உள்ளே போவது யுனிகோட். பழைய கோப்புகளை மாற்றுவதற்கு, புலம்பெயர்ந்து வாழும் சுரதா யாழ்வாணனின் ‘பொங்குதமிழ்’ மாற்றி இருந்தது. அதிராம்பட்டினத்து உமர் தம்பி, வாசகர் எதையும் நிறுவாமலே வாசிக்கும்படி தேனீ எழுத்துருவை ஆக்கிக்கொடுத்தார். இவை எவற்றுக்கும் விலை இல்லை.

பெரிய நிறுவனங்களின் பங்கு இதில் அரைகுறையானது. மைக்ரோசொப்ட் 2000 ஆம் ஆண்டின் விண்டோஸில் லதா எழுத்துருவுடன் தமிழைச் சேர்த்தது. ஆனால் அடுத்த ஆண்டு வந்த எக்ஸ்.பி.யில், தமிழ் ஒழுங்காகத் தெரிவதற்கு மொழி அமைப்புகளுக்குள் சென்று ஒரு பெட்டியில் சரி போட்டு, மூல இறுவட்டையும் செருக வேண்டியிருந்தது. கடையில் பொருத்தி வாங்கிய கணனியுடன் இறுவட்டு எங்கே வந்தது? கொம்பு ஓரிடமும் எழுத்து ஓரிடமுமாகச் சிதறிய தமிழைப் பார்த்துவிட்டு ‘யுனிகோட் சரிவராது’ என்று தீர்ப்புச் சொன்னவர்களைக் குறைகூற முடியாது. 2007 இல் விஸ்டா வந்த பின்னரே அந்தத் தொல்லை தீர்ந்தது. கைத்தொலைபேசியில் அதே கதை மீண்டும் நடந்தது. வெறும் கட்டங்களைக் கண்டு சலித்தவர்கள் ஒப்பெரா மினி உலாவியில் ஓர் அமைப்பை மாற்றி, எழுத்தைப் படமாக வரவழைத்து வாசித்தார்கள்.

2003 இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. அதன் தொடக்க காலத்தில் அடித்தளமிட்டவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன். அதே ஆண்டளவில் வலைப்பதிவுகள் பெருகின. 2004 இல் காசி ஆறுமுகத்தின் தமிழ்மணம் அவற்றைத் திரட்டியது. எழுதியது தேடுபொறியில் அகப்படுகிறது என்பதைக் கண்ட எவரும் பாமினிக்குத் திரும்பவில்லை.

திரும்பாதவர்கள் தனியாட்கள். பத்திரிகைக் காரியாலயங்களோ அசையவில்லை. இதற்குச் சோம்பல் காரணமல்ல. பக்கங்கள் பேஜ்மேக்கரில் அமைக்கப்பட்டன. அம்மென்பொருளுக்கு யுனிகோட் தமிழ் தெரியாது. அதன் கடைசிப் பதிப்பு 2001 இல் வந்தது. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைன், தமிழை முறையாக ஏற்றுக்கொள்ள 2012 வரை, சி.எஸ்.6 பதிப்பு வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று. இலங்கையின் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தமிழ்த் தரம் 2008 இலேயே வந்துவிட்டது. தரம் வந்து என்ன, பக்கம் அமைக்கும் மென்பொருள் வரவேண்டாமா? ஆகவே செய்தியாளர் யுனிகோட்டில் அனுப்புவார். காரியாலயத்தில் அதைப் பாமினிக்கு மாற்றிப் பக்கம் அமைப்பர். இணையத்தில் ஏற்றுவதற்காக மறுபடியும் யுனிகோட்டுக்கு மாற்றுவர். ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதாவது ஒரு கால் முறியும், ஒரு புள்ளி பறக்கும்.

நம்மிடம் இப்போது எஞ்சியிருப்பவை அந்த ஆண்டுகளின் கோப்புகள். போர்க்காலத்து யாழ்ப்பாணமும் வன்னியும் மட்டக்களப்பும் பற்றி அன்றாடம் எழுதப்பட்டவை, பக்கத்தில் இடம் போதாமல் வெட்டப்பட்ட பந்திகள், அச்சேறாத செவ்விகள் எல்லாம் அந்த வேடத்திலேயே கிடக்கின்றன. அச்சான தாள்களை 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் இயன்றவரை வருடிப் பாதுகாத்துவருகிறது. அச்சாகாதவற்றுக்கு அந்த வழி இல்லை. இணையத்தில் மட்டும் இருந்தவற்றின் கதி இன்னும் மோசம். 2009 இல் யாஹூ ஜியோசிற்றீஸை மூடியபோது அங்கே குடியிருந்த தமிழ்ப் பக்கங்களும் அகன்றன.

மாற்றி இருக்கிறதே, ஒரேயடியாக மாற்றிவிடலாமே என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. செய்தியின் நடுவே ஓர் ஆங்கிலப் பெயர் வந்திருந்தால், எழுத்துரு விபரம் உதிர்ந்துபோன கோப்பில், மாற்றி அதையும் பாமினி என்று எண்ணிப் பொருளற்ற தமிழாக்கிவிடும். வேறோர் எழுத்துருவில் அடித்ததைப் பாமினி என்று சொல்லிக் கொடுத்தாலும் இதே விளைவுதான். எனவே ஒருவர் பக்கத்தில் இருந்து சரிபார்க்க வேண்டும். பேஜ்மேக்கர் கோப்புகளுக்கு இன்னொரு பூட்டும் உண்டு: அவற்றைத் திறக்கக்கூடிய கடைசி இன்டிசைன் அதே சி.எஸ்.6 தான், பிந்திய பதிப்புகள் அவற்றை ஏற்பதில்லை. தமிழை முறையாக அறிந்த முதற் பதிப்பே பேஜ்மேக்கரை அறிந்த கடைசிப் பதிப்பாகவும் அமைந்தது. அந்தப் பதிப்பு ஓடும் பழைய கணனி ஒன்றையேனும் காரியாலயங்கள் கழித்துவிடாமல் வைத்திருந்தால் நல்லது.

கோப்பைத் திறந்த மாத்திரத்தில், குழம்பிய அந்த ஆங்கிலக் குறிகளைக் கண்ணால் பார்த்தே, இது பாமினி, இது வேறு என்று சொல்லக்கூடிய தட்டச்சாளர்கள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். சிலர் குறிகளையே வாய்விட்டுத் தமிழாக வாசிப்பார்கள். அவர்களுள் அநேகர் ஓய்வுபெறும் வயதை எட்டிவிட்டனர்.