ரப்பர் தவளை

விராலைப் பிடிக்கத் தூண்டிலில் கட்டும், தவளை வடிவிலான மென்பிளாஸ்டிக் போலி இரை. சேலம், நாமக்கல் சமவெளியில் ஏரிகளும் காவிரியின் தேங்கிய ஓரங்களும் வாய்க்கால்களும் இதற்கேற்ற இடங்கள்.

உடல் உள்ளீடற்றது, மிதக்கும். இரட்டை முள்ளின் கூர்முனைகள் முதுகோடு ஒட்டி மேல்நோக்கிப் படிந்திருப்பதால், ஆகாயத்தாமரைமேல் இழுத்தாலும் சிக்காது. மீன் கவ்வியதும் உடல் அமுங்கி முள் வெளிப்படும். வால்புறத் தொங்கல் இழைகள் தவளைக்கால்போல் அசையும். மீன் பாய்ந்து நீர் தெறித்ததும் உடனே தூண்டிலைச் சுண்டக்கூடாது; விரால் இரையை வாய்க்குள் வாங்க ஓரிரு நொடி வேண்டும்.

விரால் காற்றைச் சுவாசிக்க அடிக்கடி மேலே வரும் மீன். அப்போது எழும் குமிழியே வீச வேண்டிய இடத்தைக் காட்டும். செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேலெழும் இடத்தில் தாயும் தந்தையும் காவலிருக்கும். அங்கே வீசினால் எளிதில் பாயும். ஆனால் காவலிழந்த குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும் என்பதால் அதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

முன்பு உயிர்த்தவளையையே முள்ளில் கோத்தனர். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின் காவிரியின் மீன்வளம் மாறியது. கட்லா, ரோகு போன்ற கங்கைக் கெண்டைகள் விடப்பட்டன. அவற்றுக்கு ரப்பர் தவளை அல்ல, மாவு இரையே பொருந்தும். அறுந்து நீரில் தங்கும் ரப்பர் தவளை மட்குவதில்லை.