மைசூர் ஆண்ட கயிற்றுத் தீவுகள்

ஜனசஞ்சாரமற்ற தீவொன்றில் ஒதுங்க நேரும் மனிதன் தனக்குத் துணையாக ஒரேயொரு பொருளைத் தேர்ந்தெடுப்பதாயின் எதைக் கொள்வான் என்ற வினாவுக்கு, மைசூர் ராஜ்யத்தின் சரித்திரத்திலேயே ஒரு விடை பொதிந்திருக்கிறது. கண்ணனூர் அரக்கல் அரசின் ஆட்சியை வெறுத்த, லட்சத்தீவுக் கூட்டத்து அமினித் தீவுவாசிகளின் முயற்சியால், 1787இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு சுல்தானின் ஆளுகைக்குள் வந்த அந்தப் பவளத் தீவுகளில், நெல்லுமில்லை, இரும்புமில்லை. தென்னை ஒன்றே செழித்திருந்தது. அதன் காய்மட்டையை உப்புநீரில் மாதக்கணக்கில் ஊறவைத்து, அடித்து நாரெடுத்து, மாதர்கள் கையால் திரித்த கயிறே, ஆணியின்றிப் பலகைகளைத் தைத்து ஓடமாக்கியது. அவ்வோடத்திலேயே ஏறி மங்களூர்க் கரையடைந்து அரிசியாகவும் மாறியது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் ஆட்சி ஆங்கிலேயக் கும்பினியாருக்குக் கைமாறியதேயன்றி, கயிற்றுக்கு அரிசி என்னும் அந்தப் பண்டமாற்று மாறவில்லை. பசிக்கு உணவும் தாகத்துக்கு நீரும் அளித்த அந்தக் கற்பகவிருட்சம், கரை சேரும் மார்க்கத்தையும் தன் நாரிலேயே ஒளித்து வைத்திருந்தது.