தாய்ப்பாலில் மருந்து கலத்தல்: ஆய்வு வரலாறு

தாய் உட்கொள்ளும் மருந்து அவரது இரத்தத்தில் கலந்து, பால் சுரப்பியின் வழியாகப் பாலைச் சேர்வது தாய்ப்பாலில் மருந்து கலத்தல் எனப்படுகிறது. பெரும்பாலான மருந்துகள் ஏதோ ஓர் அளவில் தாய்ப்பாலில் கலக்கின்றன. ஆயினும் அவற்றுள் பலவும் குழந்தையைப் பாதிக்காத அளவுக்கு மிகக் குறைவாகவே கலக்கின்றன. இந்த இரண்டாவது உண்மை தெளிவாக நெடுங்காலம் ஆயிற்று. தாய்க்குக் கொடுக்கும் மருந்து பால் வழியே பிள்ளைக்கும் மருந்தாகும் என்று ஒரு காலத்தில் நம்பப்பட்டது. தாய் மருந்து உண்டால் பாலூட்டுவதையே நிறுத்த வேண்டும் என்பது பிற்காலத்தில் வழக்கமாயிற்று. இவ்விரண்டு எண்ணங்களாலும் குழந்தைகளுக்குத் தீங்கு நேர்ந்தது.

பண்டைய கருத்துகள்

தாய் உண்பது பாலில் சேரும் என்பதைப் பழங்கால மருத்துவர்கள் அறிந்திருந்தனர். ஆயுர்வேதத்தின் குழந்தை மருத்துவ நூலான காசியப சம்ஹிதை, குழந்தைகளைப் பால் மட்டும் குடிப்பவர், பாலும் சோறும் உண்பவர், சோறு மட்டும் உண்பவர் என மூன்றாகப் பிரிக்கிறது. பால்குடிக் குழந்தைக்கு நோய் வந்தால் பாலூட்டுபவருக்கு மருந்து கொடுப்பது ஆயுர்வேத வழக்கம். தமிழ்நாட்டில் பிள்ளை பெற்றவர்கள் பத்தியம் இருப்பதும் இதே எண்ணத்தை ஒட்டியதாகும்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமில் மருத்துவம் பார்த்த கிரேக்க மருத்துவர் சொரானுஸ், பாலூட்டும் செவிலி மது அருந்தக் கூடாது என்றார். மது அவளது பாலைக் கெடுத்துக் குழந்தைக்குக் கேடு விளைவிக்கும் என்பது அவர் கருத்து.

வோஜிரார் மருத்துவமனை

தாய்ப்பாலைத் திட்டமிட்டு மருந்தின் வழியாகப் பயன்படுத்திய முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் நடந்தது. அக்காலத்தில் பாரிஸ் நகரில் கைவிடப்பட்ட குழந்தைகள் பலரைச் சிபிலிஸ் என்னும் மேகநோய் பிறவியிலேயே பற்றியிருந்தது. இக்குழந்தைகள் கிராமத்துச் செவிலியரிடம் பாலுக்கு அனுப்பப்பட்டபோது நோய் செவிலியருக்கும், அவர்கள் வழியாகக் கணவருக்கும் சொந்தப் பிள்ளைகளுக்கும் பரவியது.

இதற்குத் தீர்வாக, பாரிஸ் காவல்துறைத் தலைவர் லெனுவாரின் முயற்சியால் 1780இல் வோஜிரார் என்னும் ஊரில் ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. ஏற்கெனவே மேகநோய் கண்ட கர்ப்பிணிகளும் தாய்மாரும் அங்குச் சேர்க்கப்பட்டனர். அவர்கள் தம் குழந்தையோடு கைவிடப்பட்ட நோய்க் குழந்தைக்கும் பாலூட்ட வேண்டும். அக்காலத்தில் மேகநோய்க்கு மருந்தாகக் கருதப்பட்ட பாதரசம் அப்பெண்களுக்குக் களிம்பாகத் தேய்க்கப்பட்டது. பாதரசம் பால் வழியே குழந்தையை அடைந்து அதன் நோயையும் தீர்க்கும் என மருத்துவர்கள் எதிர்பார்த்தனர். அங்குப் பணியாற்றிய மருத்துவர் துப்ளே 1781இல் இச்சிகிச்சை பற்றி ஒரு நூல் வெளியிட்டார்.

பாதரசம் கடும் நஞ்சு. அது வாய்ப்புண்ணையும் ஓயாத உமிழ்நீர்ப் பெருக்கையும் உண்டாக்கும். பற்களை ஆட்டங்காணச் செய்யும். பெண்கள் அதைத் தாங்க வேண்டியிருந்தது. குழந்தைகளில் பலர் இறந்தனர். பாலில் பாதரசம் எவ்வளவு சேர்ந்தது, அது நோயைத் தீர்க்கப் போதுமா என்று அளந்து பார்க்கும் வழி அப்போது எவரிடமும் இல்லை.

மருந்து பாலை அடையும் விதம்

19ஆம் நூற்றாண்டில் வேதியியல் வளர்ந்த பிறகே பாலில் மருந்தைத் தேடும் சோதனைகள் தொடங்கின. அயோடைடு உப்பை உட்கொண்டால் அது பாலில் சேர்வதை எளிதில் காண முடிந்தது. இதற்குக் காரணம் பின்னாளில் தெரியவந்தது. பால் சுரப்பி அயோடைடைத் தானே ஈர்த்துப் பாலில் சேர்க்கிறது. எனவே இரத்தத்தைவிடப் பாலில் அது மிகுதியாக இருக்கும். ஆனால் பெரும்பாலான மருந்துகள் இவ்வாறு ஈர்க்கப்படுவதில்லை. அவை இரத்தத்திலிருந்து செல்களினூடே ஊடுருவி மெல்லப் பாலுக்குள் செல்கின்றன.

எந்த மருந்து எவ்வளவு ஊடுருவும் என்பதை 20ஆம் நூற்றாண்டின் ஆய்வுகள் விளக்கின. அவற்றுள் பசு, ஆடு ஆகியவற்றில் செய்யப்பட்ட ஆய்வுகளும் அடங்கும். முதன்மையான காரணிகள் நான்கு:

1. மூலக்கூறின் அளவு. ஹெப்பாரின், இன்சுலின் போன்ற பெரிய மூலக்கூறுகள் எளிதில் பாலுக்குள் செல்வதில்லை.
2. இரத்தப் புரதத்துடன் பிணைதல். புரதத்தோடு ஒட்டிக்கொண்ட மருந்து இரத்தத்திலேயே தங்கிவிடும்.
3. கொழுப்பில் கரையும் தன்மை. கொழுப்பில் கரையும் மருந்து செல்களின் சவ்வை எளிதில் கடக்கும்.
4. அமில காரத் தன்மை. பால் இரத்தத்தைவிடச் சற்று அமிலத் தன்மை உடையது. அதனால் மென்காரங்களான மருந்துகள் பாலில் சற்று மிகுதியாகத் தேங்கும்.

குழந்தை பிறந்த முதல் சில நாள்களில் பால் சுரப்பிச் செல்களுக்கிடையே இடைவெளிகள் இருக்கும். அப்போது மருந்து எளிதில் புகும். ஆனால் அந்நாள்களில் குழந்தை குடிக்கும் சீம்பால் சில தேக்கரண்டி அளவே என்பதால் மொத்தத்தில் சேரும் மருந்தும் குறைவே.

ஃபெனிண்டையோனும் வார்ஃபரினும்

ஒரு மருந்தால் நேர்ந்த தீங்கு எவ்வாறு அதே வகை மருந்துகள் அனைத்தின் மீதும் அச்சமாகப் படிந்தது என்பதற்கு இவ்விரு மருந்துகளும் எடுத்துக்காட்டாகும். இரண்டும் இரத்தம் உறைவதைத் தடுப்பவை. ஃபெனிண்டையோன் உட்கொண்ட ஒரு தாயின் பாலைக் குடித்த குழந்தைக்குக் குடலிறக்க அறுவைக்குப் பின் கடும் இரத்தக் கசிவு ஏற்பட்டதாக 1970இல் ஒரு மருத்துவ அறிக்கை வெளிவந்தது. இம்மருந்து வகையை உட்கொள்ளும் தாய்மார் பாலூட்டலாமா என்ற ஐயம் வலுத்தது.

1977இல் பிரித்தானிய மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. வார்ஃபரின் உட்கொண்ட 13 தாய்மாரின் பாலைச் சோதித்ததில் அம்மருந்து கண்டறியப்படவில்லை. வார்ஃபரினில் ஏறத்தாழ 99 விழுக்காடு இரத்தப் புரதத்துடன் பிணைந்திருப்பதே இதற்குக் காரணம். வெறும் 13 பேரிடம் செய்த இந்த அளவீடு, வார்ஃபரின் உட்கொள்ளும் தாய்மார் பாலூட்டலாம் என்ற முடிவுக்கு அடிப்படையாயிற்று.

பாலூட்டலை நிறுத்துவது இழப்பில்லாத முன்னெச்சரிக்கை அன்று. தாய்ப்பாலின் நோய் எதிர்ப்புப் பொருள்களைக் குழந்தை இழக்கிறது. தூய நீர் கிடைக்காத இடங்களில் புட்டிப்பால் வயிற்றுப்போக்குக்குக் காரணமாகிறது.

அளவிடும் முறை

இன்று மருத்துவர்கள் குழந்தையின் ஒப்பீட்டு அளவு என்ற கணக்கைப் பயன்படுத்துகின்றனர். 60 கிலோ எடையுள்ள தாய் நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் மருந்து உண்கிறார் எனக் கொள்வோம். அவரது எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் ஆகிறது. அவரது பாலில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. குழந்தை தன் எடையில் கிலோவுக்கு 150 மில்லிலிட்டர் பால் குடித்தால் அதற்குக் கிடைப்பது கிலோவுக்கு 0.15 மில்லிகிராம். இது தாயின் அளவில் 1.5 விழுக்காடு. பொதுவாக 10 விழுக்காட்டுக்குக் கீழிருந்தால் ஏற்கத்தக்கது எனக் கருதப்படுகிறது. எனினும் மருந்தின் நச்சுத்தன்மையும் குழந்தையின் வயதும் உடல்நிலையும் சேர்த்தே பார்க்கப்படும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1983இல் பாலில் கலக்கும் மருந்துகளின் பட்டியலை வெளியிட்டுப் பின்னர் பலமுறை திருத்தியது. 1992இல் தாமஸ் ஹேல் எழுதிய கையேடு மருந்துகளை ஐந்து இடர் நிலைகளாக வகைப்படுத்தியதால் பரவலாகப் பயன்பட்டது. 2006இல் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் லாக்ட்மெட் என்னும் கட்டணமற்ற தரவுத்தளத்தைத் தொடங்கியது.

கோடீன் விவாதம்

2005இல் கனடாவின் டொராண்டோ நகரில் 13 நாள் குழந்தை ஒன்று இறந்தது. அதன் தாய் பிரசவ வலிக்குப் பின் கோடீன் கலந்த வலிநிவாரணி உட்கொண்டிருந்தார். கோடீன் கல்லீரலில் மார்ஃபீனாக மாறும். அத்தாயின் மரபணு அமைப்பால் இம்மாற்றம் மிக விரைவாக நடந்து, மார்ஃபீன் பால் வழியே குழந்தையைக் கொன்றது என 2006இல் ஓர் ஆய்வறிக்கை கூறியது. 2017இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பாலூட்டுவோர் கோடீன் உட்கொள்வதைப் பரிந்துரைக்க இயலாது என அறிவித்தது.

ஆனால் பாலில் அளவிடப்பட்ட மார்ஃபீன் ஒரு குழந்தையைக் கொல்லப் போதாது எனப் பிற ஆய்வாளர்கள் வாதிட்டனர். 2020இல் இந்நிகழ்வை விவரித்த தொடர்புடைய கட்டுரைகளை இரு கனடிய இதழ்கள் திரும்பப் பெற்றன. ஒரே ஒரு நிகழ்விலிருந்து பொது விதி வகுப்பதன் சிக்கலை இவ்விவாதம் காட்டுகிறது.

இன்றைய நிலை

கதிரியக்க அயோடின், புற்றுநோய்க்கான பல மருந்துகள் போன்றவற்றை உட்கொள்ளும்போது பாலூட்டல் நிறுத்தப்படுகிறது. லித்தியம் போன்றவற்றுக்குக் கண்காணிப்பு தேவை. பாராசிட்டமால், பென்சிலின் உள்ளிட்ட அன்றாட மருந்துகள் பலவற்றுக்கு நிறுத்தம் தேவையில்லை. காசநோய்க்கான முதல்நிலை மருந்துகளை உண்ணும் தாயும் பாலூட்டலாம். ஆனால் பாலில் வரும் அம்மருந்து குழந்தையைக் காசநோயிலிருந்து காக்கப் போதாது. குழந்தைக்குத் தேவையெனில் தனியே மருந்து கொடுக்க வேண்டும். வோஜிராரில் எதிர்பார்த்ததற்கு நேர்மாறான முடிவு இது.

புதிய மருந்துகளைச் சோதிக்கும்போது பாலூட்டும் பெண்கள் பெரும்பாலும் விலக்கப்படுகின்றனர். ஆகவே பல மருந்துகளின் உறைகளில் இன்றும் பாலூட்டுவோர் தவிர்க்கவும் என்ற எச்சரிக்கையே காணப்படுகிறது. அது தீங்கு நிரூபிக்கப்பட்டதைக் குறிக்கலாம். எவரும் அளந்து பார்க்கவில்லை என்பதையும் குறிக்கலாம். எனவே மருந்தை விடுவதோ பாலூட்டலை நிறுத்துவதோ மருத்துவரிடம் கேட்ட பிறகே முடிவு செய்யத்தக்கது.