தோட்டாவின் கொழுப்பும் 1857ஆம் ஆண்டு எழுச்சியும்

சுடுகலன்களின் வரலாற்றை எழுதுவோர் குழலின் அமைப்பு, வெடிமருந்தின் சேர்க்கை, குண்டின் வடிவம் ஆகியவற்றுக்கே பெரிதும் இடமளிப்பர். குழலினுள் பூசப்படும் எண்ணெய்க்கும் தோட்டாவின் மீது தடவப்படும் கொழுப்புக்கும் ஓரிரு வரிகளே கிடைப்பதுண்டு. ஆயினும், உராய்வு நீக்கியொன்றைத் தெரிவுசெய்தல் என்னும் அச்சிறு கருமம் பேரரசொன்றை ஆட்டங்காணச் செய்த நிகழ்ச்சிகளோடு ஒருமுறை பின்னிக்கொண்டது. 1857ஆம் ஆண்டு வட இந்தியாவில் எழுந்த கிளர்ச்சியைப் பற்றிக் கற்போர் அனைவரும் கொழுப்பிட்ட தோட்டாவைப் பற்றி அறிவர். அக்கொழுப்பு எத்தேவை கருதிச் சேர்க்கப்பட்டது, அதனைத் தெரிந்தோர் எவற்றைக் கருத்திற்கொண்டனர், எதனைக் கருத்திற்கொள்ளத் தவறினர் என்னும் வினாக்களோ அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இவற்றை ஆராய்தல் அவ்வெழுச்சியின் தன்மையை விளங்கிக்கொள்வதற்கும் துணைபுரியும்.

வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்த கருமருந்தே அக்காலத்துப் படைகளின் வெடிமருந்தாகும். அது எரியும்போது அதன் நிறையிற் பாதிக்கு மேற்பட்ட பகுதி வாயுவாக மாறாது திண்மக் கசடாக எஞ்சும். சில முறை சுட்டதும் இக்கசடு குழலின் உட்சுவரிற் கெட்டியாகப் படியும். உட்புறம் வழுவழுப்பாயிருந்த பழைய 'பிரவுண் பெஸ்' துப்பாக்கியில் குழலினும் குண்டு சிறிதாயிருந்தமையால் இது பெருந் தடையாகவில்லை. குழலினுள் வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்ட றைபிளின் நிலைமை வேறு. அங்கு குண்டு குழலோடு நெருங்கிப் பொருந்த வேண்டும். கசடு இறுகிவிட்டால் அதனை வாய்ப்புறத்திலிருந்து இடித்திறக்குவது கடினமாகும். கசட்டை இளக்கிக் குண்டை வழுக்கிச் செல்லச் செய்யும் பொருளொன்று ஒவ்வொரு தோட்டாவிலும் இருத்தல் இன்றியமையாததாயிற்று.

1853ஆம் ஆண்டு மாதிரியான என்பீல்ட் றைபிள் இத்தகைய ஆயுதமாகும். அதன் குழல் 0.577 அங்குல விட்டமும் மூன்று வரிப்பள்ளங்களும் கொண்டது. பழைய துப்பாக்கியாற் குறிதவறாது சுடக்கூடிய தூரம் ஏறத்தாழ 100 யாரே; என்பீல்டோ பன்மடங்கு தொலைவில் நின்ற இலக்கையும் தாக்கவல்லதாயிருந்தது. அதன் தோட்டா கடதாசியால் ஆன சிறு குழாயாகும். அதன் ஒரு முனையில் மருந்தும் மறு முனையில் ஈயக் குண்டும் வைக்கப்பட்டிருந்தன. குண்டைச் சுற்றியிருந்த கடதாசியின் வெளிப்புறத்திலேயே கொழுப்புப் பூசப்பட்டது. படைவீரன் தோட்டாவின் மருந்து முனையைப் பல்லாற் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலினுட் கொட்டி, கொழுப்பிட்ட கடதாசியோடு குண்டைச் செருகி, மிகுந்த கடதாசியைக் கிழித்தெறிந்து, கோலால் இடித்திறக்குவான். ஒரு கை துப்பாக்கியைப் பற்றியிருந்தமையால் தோட்டாவைப் பல்லாற் கிழிப்பதே பயிற்சி விதியாயிருந்தது. இவ்வாறு குழலுக்கென அமைந்த உராய்வு நீக்கி மனிதனின் வாயருகே வந்துசேர்ந்தது.

எக்கொழுப்பைத் தெரிவது? ஆயுதத் துறையினர் நோக்கியவை பெரும்பாலும் மூன்று தகுதிகளே. அது வெப்பத்தில் உருகி ஓடலாகாது; கடதாசியில் ஊறி மருந்தை நனைத்தலாகாது; மலிவாகவும் ஏராளமாகவும் கிடைக்க வேண்டும். தாவர எண்ணெய்கள் இத்தேவைகளுக்கு எளிதில் ஈடுகொடுக்கவில்லை. நல்லெண்ணெய் போன்றவை கடதாசியில் ஊறிவிடும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டுப் பிசின்போல இறுகும். மெழுகுதிரிக்கும் சவர்க்காரத்துக்கும் பயன்பட்ட விலங்குக் கொழுப்பு எங்கும் மலிவாகக் கிடைத்தது. தேன்மெழுகு சேர்க்கப்பட்டபோது அது வெப்பத்தையும் ஓரளவு தாங்கியது. தொழில்நுட்ப நோக்கில் இத்தெரிவு பிழையானதன்று. ஆனால் அக்கொழுப்பு எவ்விலங்கினது என்பது அளவைகளில் ஒன்றாக அமையவில்லை. பசுவின் கொழுப்பு இந்துக்களுக்கும் பன்றியின் கொழுப்பு முஸ்லிம்களுக்கும் விலக்கப்பட்டது என்பதை இந்தியாவில் நெடுங்காலம் வாழ்ந்த ஆங்கில அதிகாரி எவரும் அறியாதிருந்திருக்க இயலாது.

இவ்வுண்மை எவருக்கும் தோன்றவில்லை என்று கூறுவதற்கில்லை. 1853இல் கொழுப்பிட்ட தோட்டாக்கள் சில, இந்தியத் தட்பவெப்பத்தில் எவ்வாறிருக்கும் எனச் சோதிப்பதற்காக இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டன. அப்போது வங்காளப் படையின் உயரதிகாரிகளுள் ஒருவராயிருந்த கேணல் ஹென்றி டக்கர், கொழுப்பு சாதியுணர்வையும் சமயவுணர்வையும் புண்படுத்தாத வகையினது என்பது உறுதியாகும்வரை அத்தோட்டாக்களைச் சுதேசப் படைகளுக்கு வழங்கலாகாது என்ற கருத்துப்பட எழுதினார். அவ்வெச்சரிக்கை கோப்புகளுக்குள் அடங்கிப்போயிற்று. சோதனைத் தோட்டாக்கள் காவற் சிப்பாய்களின் பைகளிற் காவப்பட்டு, வெயிலிலும் மழையிலும் கொழுப்பு கெடுகின்றதா என்று மாத்திரம் பார்க்கப்பட்டு, 1855இல் திருப்பியனுப்பப்பட்டன. சோதிக்கப்பட்டது கொழுப்பின் உருகுநிலையேயன்றி அதைக் கையாளும் மனிதரின் மனநிலையன்று.

கம்பனியாருக்கு இது முதற்பாடமுமன்று. அரை நூற்றாண்டுக்கு முன்னர், 1806 ஜூலை 10ஆம் நாள், தமிழகத்தின் வேலூர்க் கோட்டையிற் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். தோற் குஞ்சம் பொருந்திய புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறிகளையும் தாடியையும் பற்றிய கட்டளைகளும் அதற்கு உடனடிக் காரணங்களாயின. சென்னை ஆளுநர் பென்ரிங்கும் படைத்தளபதி கிறடொக்கும் அதன் விளைவாகத் திருப்பியழைக்கப்பட்டனர். உடலோடு ஒட்டும் படைப்பொருள் எதுவும் வெறும் படைப்பொருளாக மாத்திரம் இராது என்பதை வேலூர் உணர்த்தியிருக்க வேண்டும்.

1856இல் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைப் படைக்கலச் சாலையில் என்பீல்ட் தோட்டாக்கள் செய்யப்படலாயின. 1857 ஜனவரியில், அண்மையிலுள்ள டம்டம் பயிற்சி நிலையத்திற் கீழ்நிலைத் தொழிலாளியொருவன் பிராமணச் சிப்பாய் ஒருவனிடம் அவனது செம்பில் நீர் கேட்டதாகவும், சாதி கெடும் என்று அவன் மறுக்கவே, பசுவினதும் பன்றியினதும் கொழுப்பைக் கடிக்கப்போகும் உனக்குச் சாதி எங்கே இருக்கும் எனத் தொழிலாளி வினவியதாகவும் செய்தி பரவியது. இச்செய்தி ஜனவரி 22ஆம் நாள் அதிகாரிகளுக்கு அறிவிக்கப்பட்டது. தொழிற்சாலையிற் கொழுப்பைக் கையாண்டோரின் வட்டத்திலிருந்தே உண்மை வெளிப்பட்டதென்பதும், நீர் மறுக்கப்பட்டவனின் மனப்புண் அக்கேள்வியில் ஒலித்ததென்பதும் ஊன்றி நோக்கத்தக்கன. சிப்பாய்களின் அச்சத்தைப் பேசும் வரலாற்றாசிரியர்கள் அத்தொழிலாளியின் தாகத்தை அதிகம் பேசுவதில்லை.

அரசாங்கம் விசாரித்தபோது, விலக்கப்பட்ட கொழுப்பு கலவாதிருக்கச் சிறப்பான ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை என்பது தெரியவந்தது. ஜனவரி 27ஆம் நாள் அது விரைந்து கட்டளையிட்டது: தோட்டாக்கள் கொழுப்பின்றி வழங்கப்படும்; சிப்பாய்கள் தாம் விரும்பிய பொருளைக் கடைத்தெருவில் வாங்கித் தாமே பூசிக்கொள்ளலாம். அம்பாலா, சியால்கோட் பயிற்சி நிலையங்களில் நெய்யும் தேன்மெழுகும் கலந்து பயன்படுத்தப்பட்டன. தீங்கற்ற உராய்வு நீக்கி கிடைக்கக்கூடியதாகவே இருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை. பின்னர் பல்லுக்குப் பதிலாகக் கையாற் கிழிக்கவும் பயிற்சி விதி மாற்றப்பட்டது.

ஆயினும் காலம் கடந்துவிட்டது. கொழுப்பு நீக்கப்பட்டதும் ஐயம் கடதாசிக்குத் தாவிற்று; அதன் பளபளப்பே கொழுப்பின் அடையாளம் எனப் பரக்பூர்ச் சிப்பாய்கள் கருதினர். விதியை மாற்றியமையே முன்னைய குற்றத்தை ஒப்புக்கொண்டமையாகத் தோன்றியது. பெப்ரவரி 26ஆம் நாள் பெர்ஹாம்பூரில் 19ஆம் படைப்பிரிவு தோட்டாக்களை ஏற்க மறுத்தது. மார்ச் 29ஆம் நாள் பரக்பூரில் மங்கள் பாண்டே ஆயுதமேந்தினார். ஏப்ரல் 8ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். ஏப்ரல் 24ஆம் நாள் மீரத்தில் 3ஆம் குதிரைப்படையின் வீரர் 90 பேருள் 85 பேர் தோட்டாக்களைத் தொட மறுத்தனர். அவை கொழுப்பற்ற, பழைய வகைத் தோட்டாக்களே. மே 9ஆம் நாள் அவர்கள் அணிவகுப்பின் முன் விலங்கிடப்பட்டனர். மறுநாள் மீரத் எழுந்தது. மே 11ஆம் நாள் கிளர்ச்சியாளர் டில்லியை அடைந்தனர்.

இவ்வெழுச்சியைக் கொழுப்பின் விளைவெனக் கூறி முடித்துவிடுதல் பொருந்தாது. 1856இல் அவத் இராச்சியம் கம்பனி ஆட்சியோடு இணைக்கப்பட்டமை, புதிதாகச் சேர்வோர் கடல்கடந்தும் பணிபுரிய வேண்டுமென அதே ஆண்டு விதிக்கப்பட்டமை, நிலவரிச் சுமை, சமய மாற்றம் பற்றிய அச்சம் ஆகியன ஏற்கெனவே வேரூன்றியிருந்தன. மறுபுறத்தில், கொழுப்பை அறியாமையாற் பிறந்த மூடநம்பிக்கை என ஒதுக்குவதும் தவறாகும். சிப்பாய்களின் முதல் ஐயம் அடிப்படையற்றதன்று. கொழுப்பின் மூலத்தை அரசாங்கமே உறுதியாகக் கூற முடியாதிருந்தது. சிதறிக்கிடந்த மனக்குறைகள் அனைத்தையும் ஒவ்வொரு வீரனும் தன் கையிலே காணக்கூடிய ஒரு பொருளிற் கொணர்ந்து குவித்தமையே தோட்டாவின் வரலாற்றுப் பங்காகும்.

1858இற் கம்பனியாட்சி முடிவுற்று இந்தியா முடியாட்சியின் நேரடி நிருவாகத்தின் கீழ் வந்தது. 1866 அளவில் என்பீல்ட் றைபிள்கள், உலோகத் தோட்டாவைப் பின்புறத்தில் இட்டுச் சுடும் ஸ்நைடர் முறைக்கு மாற்றப்படலாயின. தோட்டாவைக் கடிக்கும் தேவை அற்றுப்போயிற்று. விலங்குக் கொழுப்பிலுள்ள அமிலங்கள் ஈயக் குண்டைத் தாக்கும் என்பதனால் தேன்மெழுகே மேலானதென ஆயுத வல்லுநர்களும் பின்னர் கண்டனர். சமயவுணர்வுக்கு ஏற்புடையதாயிருந்த பொருளே ஈயத்துக்கும் ஏற்புடையதாயிருந்தது. 1853இல் எழுதப்பட்ட எச்சரிக்கையை எவரேனும் கருத்தூன்றிப் படித்திருப்பின், மீரத்தில் 85 பேரின் கால்களில் விலங்கு பூட்ட வேண்டி நேர்ந்திராது.