ஒரே அறை, இரண்டு பருவம்: விக்டோரியா காலக் கடைசியில் கிரேட் யார்மத்தின் தொழிலும் குடியிருப்பும்

1. கேள்வி

இங்கிலாந்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1881-இல் ஏப்ரல் 3, 1891-இல் ஏப்ரல் 5, 1901-இல் மார்ச் 31 ஆகிய நாட்களின் இரவை வைத்து எடுக்கப்பட்டது. அறுவடையும் வெளியூர்ப் பயணங்களும் தொடங்காத, ஆட்கள் வீட்டோடு இருக்கிற காலம் அது. நார்ஃபோக் கடற்கரையிலுள்ள கிரேட் யார்மத்துக்கோ அது வெறிச்சோடிக் கிடக்கும் காலம். கோடை விருந்தாளிகள் வர இன்னும் மூன்று மாதம் இருக்கும். ஹெர்ரிங் மீன்பாடு முடிந்து நான்கு மாதம் ஆகியிருக்கும். 1901-இல் அங்கே சுமார் 51,000 பேர் இருந்தார்கள் என்று பதிவேடு சொல்கிறது. அது பொய்யில்லை. ஆனால் எந்த மாதத்து யார்மத் அது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

யார்மத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஊரை நடுவில் கோடு கிழித்துப் பிரிப்பது வழக்கம். கிழக்கே கடலோரம் உல்லாச ஊர். மேற்கே ஆற்றங்கரையில் மீன்பிடி ஊர். தெருப்படத்துக்கு இந்தப் பிரிவினை பொருந்தும், பிழைப்புக்குப் பொருந்தாது. ஆகஸ்டில் லண்டன் குமாஸ்தா ஒருவரின் குடும்பத்துக்கு விட்ட மாடியறையையே அக்டோபரில் ஸ்காட்லாந்திலிருந்து மீன் அரிய வந்த பெண்களுக்கு விட்ட வீட்டுக்காரிகள் அங்கே இருந்தார்கள். சுமார் 1870 முதல் 1901 வரையிலான யார்மத்தை அந்த அறையிலிருந்து பார்த்தால்தான் ஊர் முழுதாகத் தெரியும் என்பது என் கருத்து.

2. மணல்திட்டும் சந்துகளும்

யேர் ஆற்றுக்கும் வடகடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல்திட்டு யார்மத். இடைக்காலத்தில் கட்டிய மதிலுக்குள்ளேயே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஊர் அடங்கிக் கிடந்தது. வீடுகள் ஆற்றைப் பார்த்தன. கடல் பிழைப்புக்கான இடம். அதை ஜன்னல் வழியே ரசிக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

மதிலுக்குள் இடம் போதாததால் வந்தவை ‘ரோ’ எனப்படும் சந்துகள். 1804-இல் அவற்றுக்கு எண் இட்டார்கள்: மொத்தம் 145. எல்லாம் கிழக்கு மேற்காக, ஆற்றங்கரையிலிருந்து கடல்பக்கம் நோக்கி, சீப்பின் பற்கள்போல் ஓடின. மிகக் குறுகலான சந்து ஓரிடத்தில் இரண்டேகால் அடிதான். அதில் எதிரெதிரே வரும் இருவரில் ஒருவர் பக்கவாட்டில் திரும்பினால்தான் மற்றவர் போக முடியும். கதவுகள் உட்பக்கமாகவே திறந்தன. வெளிப்பக்கமாகத் திறந்தால் போகிறவர் முகத்தில் அடிக்கும்.

சாதாரண வண்டி இந்தச் சந்துகளில் நுழையாது. அதற்காகவே ‘ட்ரோல்’ வண்டி உருவானது. சுமார் 12 அடி நீளம், மூன்றரை அடி அகலம். சக்கரங்கள் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்காமல் வண்டியின் அடியிலேயே உருளும். மீன் பீப்பாயும் நிலக்கரியும் பீரும் இதில்தான் போயின. தெருவின் அகலம் வண்டியின் வடிவத்தைத் தீர்மானித்துவிட்டது.

ஒரு காலத்தில் இந்தச் சந்துகளில் செல்வர்களும் இருந்தார்கள். 111-ஆம் சந்திலும் பக்கத்திலும் இன்று பாதுகாக்கப்படும் வீடுகள் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வசதியான வணிகர்களுக்காகக் கட்டப்பட்டவை. சுண்ணாம்புப் பூவேலை செய்த கூரைகள் அவற்றில் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் பணம் படைத்தவர்கள் மதிலுக்கு வெளியே போனார்கள். வணிகரின் கூடத்துக்கு நடுவே பலகைத் தடுப்பு வந்தது. பூவேலைக் கூரையில் பாதி ஒரு குடும்பத்துக்கு, மீதி அடுத்த குடும்பத்துக்கு. அறைக்கு ஒரு அடுப்பு, பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம். ஐந்துக்குக் குறைவான அறைகளில் குடியிருப்போர் எத்தனை அறை என்று எழுத வேண்டும் என 1891 கணக்கெடுப்பில் புதிதாகக் கேட்டதற்கு இப்படிப்பட்ட வீடுகளே காரணம்.

1875-இன் பொதுச் சுகாதாரச் சட்டத்துக்குப் பிறகு மதிலுக்கு வெளியே எழுந்த வரிசை வீடுகள் வேறு மாதிரி. தெரு அகலம், பின்முற்றம், சாக்கடை எல்லாம் விதிப்படி இருந்தன. கடலோரத் தெருக்களில் முன்பக்கம் துருத்திய ஜன்னலும் வந்தது. அந்த ஜன்னல் குடியிருப்பவருக்கானதல்ல, வாடகைக்கு வருபவருக்கானது. கடனோ வாடகையோ கோடையில் அடைபடும் என்ற நம்பிக்கையில் குடியேறியவர்கள் இந்த வீடுகளில் பலர்.

யார்மத் வீடு என்றதும் பலருக்கு நினைவு வருவது ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நாவலில் பெகட்டி குடும்பம் குடியிருக்கும் படகு. டிக்கின்ஸ் 1849 ஜனவரியில் இங்கே வந்துபோனார். அவருடைய எழுத்தில் படகு நிமிர்ந்தே நிற்கிறது. கவிழ்த்துப் போட்டவர் படம் வரைந்தவர். மணலில் தனித்து நிற்கும் அந்த வீட்டைத் தேடி ஊர் ஊராக வாசகர்கள் வந்தார்கள். மீனவர்களோ மூச்சுமுட்டும் சந்துகளில் இருந்தார்கள்.

3. ஹெர்ரிங்

செப்டம்பர் கடைசியில் ஹெர்ரிங் கூட்டம் கிழக்குக் கரையை நெருங்கும். நம் மத்தியின் உறவுக்கார மீன் இது. நவம்பர் முடிய மீன்பாடு நடக்கும். இரவில் மிதவலையைத் திரைபோல் தொங்கவிட்டுப் படகு காற்றோடு மிதந்து போகும். மீன் செவுள் சிக்கி மாட்டும். கூலி கிடையாது, பங்குதான். செலவு கழித்து மிஞ்சுவதில் படகுக்கும் வலைக்கும் பெரும்பங்கு, ஆட்களுக்கு மீதி. மீன் இல்லாத பருவத்தில் கணக்கு முடிக்கும்போது ஆள் கடனாளியாகவே கரையேறினான்.

கரையில் மீனை நிறுக்கவில்லை, எண்ணினார்கள். கைக்கு இரண்டாக நான்கு மீனை எடுத்து வீசினால் அது ஒரு ‘வார்ப்’. 33 வார்ப் சேர்ந்தால் ஒரு நூறு. நாலு முப்பத்துமூன்று 132. யார்மத்தில் நூறு என்றால் 132. அப்படி நூறு நூறு சேர்ந்தது ஒரு ‘லாஸ்ட்’, அதாவது 13,200 மீன். கொசுறு அளவுக்குள்ளேயே புகுந்துகொண்ட ஊர் அது. ஸ்காட்லாந்தில் ‘கிரான்’ என்ற கொள்ளளவு நடந்தது; சுமார் 1,200 மீன் பிடிக்கும். இங்கிலாந்தில் அதைச் சட்டப்படி ஏற்றது 1908-இல்தான். அதுவரை மீன்துறையில் எண்ணுகிறவனின் கையும் வாயும்தான் தராசு.

ஏலத்தில் போன மீன் மூன்று வழியாகப் பிரிந்தது. உப்பில் ஊறவைத்து வாரக்கணக்கில் புகையிட்ட சிவப்புக் கருவாடு மத்தியதரைக்கடல் நாடுகளுக்குப் போனது. குடலை எடுக்காமல் இலேசாக உப்பிட்டு ஓரிரவு புகையிட்ட ‘புளோட்டர்’ யார்மத்தின் பெயரைச் சொன்னது. முதுகைப் பிளந்து புகையிட்டது ‘கிப்பர்’. புகைக்கூடத்தில் பெண்கள் நீண்ட குச்சியில் மீனைச் செவுள் வழியாகக் கோத்துக் கொடுப்பார்கள். ஆண்கள் சட்டங்களில் கால் அகட்டி நின்று, ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக, கூரை வரை குச்சிகளைக் கடத்தி அடுக்குவார்கள். கீழே ஓக் மரத்தூள் புகையும். சுமார் 1850-இல் கட்டிய அப்படியொரு கூடம் 1988 வரை ஓடியது, இப்போது அருங்காட்சியகம். சுவரில் மீன்வாடை இன்னும் இருக்கிறது.

ஜெர்மனிக்கும் ரஷ்யாவுக்கும் பீப்பாயில் உப்பிட்டு அனுப்பியதுதான் நாளடைவில் பெருவணிகமானது. அதைக் கொண்டுவந்தவர்கள் ஸ்காட்லாந்து வியாபாரிகள்; கூடவே வந்தார்கள் அவர்களிடம் வேலை செய்த பெண்கள். முந்திய குளிர்காலத்திலேயே அச்சாரம் கொடுத்து ஆள் பிடித்துவிடுவார்கள். பெண்கள் தனி ரயிலில், ஆளுக்கொரு மரப்பெட்டியோடு வந்து இறங்குவார்கள். மூவர் ஒரு கூட்டு: இருவர் அரிவார்கள், ஒருத்தி பீப்பாயில் அடுக்குவாள். பீப்பாயின் அடி வரை கை எட்ட வேண்டும் என்பதால் உயரமானவளுக்கே அடுக்கும் வேலை. பீப்பாய்க் கணக்கில் காசு, மூவரும் பிரித்துக்கொள்வார்கள்.

அரிகிற கையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். காலையில் எழுந்ததும் முதல் வேலை விரலுக்குத் துணி சுற்றுவது. மாவுச் சாக்கைக் கிழித்த நாடாவை ஒவ்வொரு விரலிலும் சுற்றி, நூலை ஒரு கையாலும் பல்லாலும் இறுக்கிக் கட்டுவார்கள். குட்டைக் கத்தி செவுளில் இறங்கித் திரும்பும். குடல் ஒரு பக்கம், மீன் பின்னாலிருக்கும் தொட்டியில். திரும்பிப் பார்க்காமலே பெரிது, நடுத்தரம், சிறிது என்று சரியான தொட்டிக்கு எறிவார்கள். தேர்ந்த கைக்கு நொடிக்கு ஒரு மீன் வரை ஓடும். துணி நழுவினால் கத்தி விரலில் இறங்கும். வெட்டில் உப்பு ஏறும். அடுக்குகிறவள் மீனின் வயிறு மேலே இருக்க வரிசையாக வைத்து, உப்புத் தூவி, அடுத்த வரிசையைக் குறுக்காக வைப்பாள். மீன் வந்து குவிந்த இரவில் விளக்கு வெளிச்சத்திலும் வேலை நடக்கும். பெண்களின் வேலை நேரத்துக்கு வரம்பு கட்டிய தொழிற்சாலைச் சட்டம், கரைக்கு வந்த மீன் கெட்டுவிடும் என்று சொல்லி இவர்களை விட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கத்தி ஓயும். ஸ்காட்லாந்துப் படகுகள் அன்று கடலுக்குப் போகாது.

4. வலையும் காசுக்கட்டியும்

பருத்தி வலை வந்தபின் படகுக்கு வலை கூடியது. ஒரு படகின் வலை வரிசை இரண்டு மைல் நீளம் கூடப் போகும். கிழிந்ததைப் பொத்துவது பெண்கள் வேலை. மாடியில் ஜன்னல் ஓரம் வலையைக் கொக்கியில் மாட்டி நின்றபடியே பொத்துவார்கள்; வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பொத்தியவர்களும் உண்டு. உப்புத்தண்ணீரில் மட்காமலிருக்க வலையைக் கொதிசாயத்தில் முக்குவது இன்னொரு வேலை. முன்பு ஓக் பட்டை, பிறகு காசுக்கட்டி. ஆம், நம் தாம்பூலத்தட்டில் இருக்கிற அதே காசுக்கட்டிதான். பர்மாவிலிருந்து கப்பலேறிப் போய் வலைகளுக்கும் பாய்களுக்கும் செம்பழுப்பு நிறம் கொடுத்தது.

5. இழுவலைக்காரர்களும் கரைக்காரர்களும்

ஆற்றின் அக்கரையில் கோர்ல்ஸ்டன். ஹியூவெட் குடும்பத்தின் இழுவலைப் படகுக் கூட்டம் அங்கிருந்து ஓடியது. வாரக்கணக்கில் படகுகள் கடலிலேயே நிற்கும். மீனை மட்டும் பனிக்கட்டியில் வைத்து வேகப்படகுகள் லண்டனுக்குக் கொண்டுபோகும். அனாதை விடுதிச் சிறுவர்களும் இந்தப் படகுகளில் வேலைக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். சாராயம் விற்கும் படகுகள் நடுக்கடலிலேயே சுற்றின. அதை எதிர்த்து 1881-இல் தோன்றிய மீனவர் நலச் சங்கம் 1882-இல் தன் முதல் படகைக் கோர்ல்ஸ்டனிலிருந்து அனுப்பியது. நூற்றாண்டின் கடைசியில் நீராவிப் படகுகள் பெருகிய ஹல், கிரிம்ஸ்பி துறைமுகங்கள் இந்தத் தொழிலை இழுத்துக்கொண்டன.

கடற்கரையில் இருந்த கரைக்காரர்கள் வேறு வகை. கூட்டாகப் படகு வைத்து, மரக் கோபுரத்தில் ஏறிக் காவல் இருந்து, மணல்மேட்டில் தட்டும் கப்பலுக்கு உதவி செய்து கிடைத்ததைப் பங்கிட்டார்கள். நீராவி இழுகப்பல் வந்ததும் அந்த வருமானம் குறைந்தது. கோடையில் அவர்களே விருந்தாளிகளைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டினார்கள்.

6. கோடை

1844-இல் ரயில் வந்தது. 1859-இலும் 1877-இலும் வேறு இரண்டு நிலையங்கள் திறந்தன. கடைசி நிலையத்தின் பெயரே ‘கடற்கரை’. 1871-இன் வங்கி விடுமுறைச் சட்டம் உழைப்பாளிக்கும் ஆகஸ்டில் ஒரு நாளைக் கொடுத்தது. கடலுக்குள் நீண்ட இரண்டு மேடைகள் 1850-களிலேயே கட்டியாயிற்று. 1897-இல் சுழன்றபடி மேலேறும் கோபுரமும் வந்தது.

தங்கல் வீட்டு வழக்கம் விசித்திரமானது. விருந்தாளி கறியும் காய்கறியும் தானே வாங்கி வருவார். வீட்டுக்காரி சமைத்துக் கொடுப்பாள். அறைக்கு ஒரு கணக்கு, பணிவிடைக்கு ஒரு கணக்கு. மேசையில் இருக்கும் உப்பு, மிளகு, வினிகர் தாங்கிக்குத் தனிக் காசு. இதை வைத்துக் கேலிச் சித்திரங்கள் வந்தன. எனக்கு அதில் கேலி தெரியவில்லை. எட்டு வாரத்தில் ஆண்டு வாடகையைத் தேற்ற வேண்டியவள் உப்புக்கும் கணக்கு எழுதத்தான் செய்வாள். அந்த எட்டு வாரம் அவள் குடும்பம் சமையலறையிலோ பின்கட்டிலோ படுத்தது.

செப்டம்பரில் விருந்தாளி போனதும் கம்பளத்தைச் சுருட்டுவாள். படங்களைக் கழற்றுவாள். மீன் எண்ணெய் படாமலிருக்கச் சுவரில் ஆள் உயரத்துக்குக் காகிதம் ஒட்டுவாள். ஸ்காட்லாந்துப் பெண்கள் கட்டிலுக்கு மூவராகப் படுப்பார்கள். அவர்களுடைய பெட்டியே நாற்காலி. டிசம்பரில் காகிதத்தை உரித்துவிட்டு அடுத்த ஜூலைக்காகக் காத்திருப்பாள்.

7. கறுப்புத் துணி

ஆண்டு முழுக்கக் கூலி தந்த பெரிய இடம் கிரவுட் பட்டாலை. பழைய படைக் குடியிருப்பில் அமைந்த அந்த ஆலை துக்கத்துக்கு உடுத்தும் கறுப்புப் பட்டுத்துணி நெய்தது. 1861-இல் கணவரை இழந்த அரசி விக்டோரியா கடைசிவரை கறுப்பே உடுத்தியதால் துக்க உடை நாட்டு வழக்கமாகி, நூற்றுக்கணக்கான யார்மத் பெண்களுக்கு வேலை கிடைத்தது. நூற்றாண்டின் கடைசியில் துக்க வழக்கம் தளர, தறியும் தளர்ந்தது.

8. காலியான கட்டம்

கணக்கெடுப்புப் படிவத்தில் குடும்பத் தலைவனுக்கு எதிரே ‘மீனவர்’ என்றோ ‘கரைக்காரர்’ என்றோ இருக்கும். மனைவியின் பெயருக்கு எதிரே தொழில் கட்டம் பெரும்பாலும் காலி. கோடையில் அறை விட்டு, இலையுதிர்காலத்தில் பெண்களைத் தங்கவைத்து, குளிர்காலத்தில் வலை பொத்தியவளுக்கு ஏப்ரல் முதல் வாரத்தில் சொல்லிக்கொள்ள ஒரு தொழிலும் இல்லை. அக்டோபரில் அவள் மாடியில் தூங்கிய மூவரும் ஸ்காட்லாந்தில் வேறு ஏதோ ஒரு படிவத்தில் இருந்தார்கள். கடலோர ஊர் ஒன்றின் பழைய பதிவேட்டைப் புரட்டுகிறவர்கள் ஆள் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன் அது எந்தத் தேதியில் எடுத்தது என்று பார்க்க வேண்டும்.