சுல்தானாவின் கனவும் மூடிய வண்டியும்

1905ஆம் ஆண்டு சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்னும் ஆங்கில இதழில் 'சுல்தானாவின் கனவு' என்றொரு விந்தைக் கதை இடம்பெற்றது. கமலா சத்தியநாதன் அம்மையார் நடத்திய இதழ் அது. கதையை எழுதியவர் வங்கத்து முஸ்லிம் பெண்மணி ருகையா சகாவத் ஹுசைன். வங்க மக்கள் பேகம் ரொக்கேயா என்பர். அறிவியல் புனைகதை என்றதும் ஜூல்ஸ் வேர்னையும் வெல்ஸையும் நினைவுகூரும் நாம், கோஷாவுக்குள் இருந்தே அத்துறையில் எழுதிய இவ்வம்மையாரை மறத்தல் தகாது.

அவர் 1880இல் ரங்பூர் மாவட்டத்துப் பாய்ராபந்தில் ஜமீன்தார் குடும்பத்தில் பிறந்தார். அவ்வில்லத்துப் பெண்மக்களுக்குத் திருக்குர்ஆன் ஓதத் தடையில்லை. வங்காளமும் ஆங்கிலமும் விலக்கப்பட்டிருந்தன. தமையனார் இப்ராஹீம் சாபிர், வீட்டார் உறங்கிய பின் விளக்கொளியில் தங்கைக்கு ஆங்கிலம் கற்பித்தார். 1898இல் பாகல்பூர் துணை மாஜிஸ்திரேட் சகாவத் ஹுசைன் அவரை மணந்தார். மனைவியின் எழுத்தை அவர் தடுத்தாரல்லர், ஊக்குவித்தார். அவர் வெளியூர் சென்றிருந்த வேளையில் பொழுது போக்க எழுதியதே அந்தக் கதை.

கதையில் ஒரு பெண்ணாடு வருகிறது. அரசியின் ஆணையால் பெண்களுக்குப் பள்ளிகளும் இரண்டு பல்கலைக்கழகங்களும் எழுகின்றன. ஒன்றில் பயின்றோர் மேகத்திலிருந்து நீரை இறக்குகின்றனர்; மற்றொன்றில் பயின்றோர் சூரிய வெப்பத்தைச் சேமிக்கின்றனர். ஆண்களின் படை தோற்றபோது, அந்த வெப்பத்தைக் கொண்டே பகைவர் விரட்டப்படுகின்றனர். அதன்பின் ஆடவர் மர்தானாவில் அடங்கியிருக்க, பெண்கள் வானூர்தியில் செல்கின்றனர். ரைட் சகோதரர்கள் வானில் எழுந்து அப்போது இரண்டாண்டே ஆகியிருந்தது!

1909இல் கணவர் காலமானார். பெண்கல்விக்கென அவர் ஒதுக்கிய பத்தாயிரம் ரூபாயைக் கொண்டு அம்மையார் பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் ஒரு பள்ளி தொடங்கினார். குடும்பப் பிணக்கால் அவ்வூரைவிட்டு நீங்கி, 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் மீண்டும் தொடங்கினார்.

அங்கே நிகழ்ந்ததே நம் நெஞ்சைத் தொடுகிறது. பிள்ளைகளை அழைத்துவர வாங்கிய வண்டி, காற்றும் புகாதபடி மூடப்பட்டிருந்தது. உள்ளே பிள்ளைகள் மயங்கி விழுந்தனர். பலகைகளைத் திறந்து திரை கட்டினார். காற்றில் திரை அசைகிறதென்று கண்டனக் கடிதங்கள் வந்தன. 1931இல் வெளியான 'அபரோத்பாசினி' நூலில் அவரே இதைப் பதிவு செய்துள்ளார். வானூர்தியைக் கனவு கண்டவர் ஒரு வண்டியின் திரைக்காக வாதாட நேர்ந்தது!

1924இல் 'பத்மராகம்' நாவலைத் தந்தார். எனினும் அவருடைய உழைப்பின் பெரும்பகுதியைப் பள்ளியே கொண்டது. 1932 டிசம்பர் 9இல் அவர் மறைந்தார். அவர் வளர்த்த பள்ளி கொல்கத்தாவில் இன்றும் நடைபெறுகிறது.

ஓதிக்கொடுக்கும் பணியில் தலை நரைத்த நாம் ஒன்றை அறிவோம். நன்கு பாடம் ஒப்புவித்த சிறுமியின் இடம் ஒருநாள் வெறுமையாகும், 'பெரியவளாகிவிட்டாள்' என்பர். அந்நாட்களில் நாமும் காரணம் கேளாது அடுத்த பாடத்திற்குச் சென்றதுண்டு. ருகையா அம்மையாரோ வீடு வீடாகச் சென்று கேட்டார். கதையில் ஒரு நாட்டை ஓரிரவில் அமைத்துவிடலாம். எட்டுப் பிள்ளைகளை வாசற்படி தாண்டச் செய்ய ஓர் ஆயுள் வேண்டியிருந்தது. அந்த ஆயுளை அவர் தந்தார். நம் வீட்டுப் பெண்மக்களுக்காக நாம் தரப்போவது என்ன?